மறைந்துபோன மின் இருப்புப்பாதையை அதன் எச்சங்களிலிருந்து அறிவது எப்படி?

இலங்கையின் புகையிரதப் பாதைகளில் எதுவும் இன்றுவரை மின்மயமாக்கப்படவில்லை. நானுஓயாவையும் அப்புத்தளையையும் கடந்து பதுளைக்குப் போகும் மலையகப் பாதையில் முதலில் நீராவியும் பின்னர் டீசலும் ரயிலை இழுத்தன. ஆயினும் இந்த நாட்டில் மின்சார வண்டிகள் தண்டவாளத்தின் மீது ஓடிய காலம் ஒன்று உண்டு. 1899ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிய மின்சார ட்ராம் சேவை 1960ஆம் ஆண்டில் நிறுத்தப்படும் வரை, கோட்டை, புறக்கோட்டைப் பகுதியை ஒருபுறம் கிராண்ட்பாஸுடனும் மறுபுறம் மருதானை வழியாகப் பொரளையுடனும் இணைத்து வந்தது. தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலை தேடிப் போன நம் முன்னோர் பலர் அந்த வண்டிகளைக் கண்டிருப்பார்கள். அதன் பிறகு பிறந்தவர்களுக்கு அப்படியொரு பாதை எப்படி இயங்கியது என்பதையும், அது போன பிறகு எவை மிஞ்சும் என்பதையும் எளிதாகச் சொல்லிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகர மின் இருப்புப்பாதை என்பது ஒரு நகரத்துக்குள், குறுகிய தூரங்களுக்கு, அடிக்கடி நின்று பயணிகளை ஏற்றி இறக்கும் மின்சார வண்டிகள் ஓடும் பாதையாகும். அது வீதியிலேயே மற்ற வாகனங்களோடு கலந்து ஓடினால் ட்ராம் எனப்படும். வீதிக்கு மேலே இரும்புத் தூண்கள் தாங்கும் மேம்பாதையிலோ நிலத்துக்கு அடியிலோ தனக்கென்று தனி வழி அமைத்துக்கொண்டு ஓடும் வகையும் உண்டு. எந்த வகையானாலும் அதில் மூன்று உறுப்புகள் இருக்கும்: வண்டி ஓடும் வழி, மின்சாரம் வந்து சேரும் ஏற்பாடு, வண்டி. பாதை மூடப்பட்டதும் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் அழிவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில், தனக்குரிய காரணத்தால் மறைகிறது. எச்சங்களைப் படிக்க விரும்புபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். ஒன்று கிடைக்காத இடத்தில் மற்றொன்று கிடைக்கும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மற்ற இரண்டின் வடிவத்தையும் தீர்மானிப்பது அதுவே. மின்னோட்டம் ஒரு வழியாக வந்து மற்றொரு வழியாகத் திரும்பிச் செல்ல வேண்டும். ட்ராம் வண்டியின் கூரையில் ஸ்பிரிங்கினால் மேல்நோக்கித் தள்ளப்பட்ட நீண்ட கோல் ஒன்று இருக்கும். அதன் நுனியிலுள்ள சிறிய பள்ளச் சில்லு, வீதிக்கு மேலே கட்டப்பட்ட செப்புக் கம்பியின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே உருளும். கம்பியிலிருந்து கோல் வழியாக இறங்கும் மின்சாரம் வண்டியின் அடியிலுள்ள மோட்டார்களை இயக்கிவிட்டு, இரும்புச் சில்லுகள் வழியாகத் தண்டவாளத்துக்குள் இறங்கி மின்நிலையத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே தண்டவாளம் வண்டியைத் தாங்கும் இரும்பாக மட்டும் இருக்கவில்லை. மின்சுற்றின் ஒரு பாதியாகவும் இருந்தது.

கொழும்பில் 1953ஆம் ஆண்டில் ட்ரொலி பஸ்கள் அறிமுகமாகி 1964ஆம் ஆண்டு வரை ஓடின. அவையும் மேலேயுள்ள கம்பியிலிருந்துதான் மின்சாரம் பெற்றன. ஆனால் அவற்றுக்கு ரப்பர் டயர்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், திரும்பிச் செல்லும் மின்னோட்டத்துக்கு இரண்டாவது கம்பி ஒன்று தேவைப்பட்டது. பஸ்ஸின் கூரையிலும் இரண்டு கோல்கள் இருந்தன. பழைய நகரப் படம் ஒன்று கையில் கிடைத்தால், கோல்களை எண்ணுங்கள். ஒரு கோல் என்றால் தண்டவாளம் உண்டு. இரண்டு என்றால் பெரும்பாலும் ட்ரொலி பஸ். படத்தின் கீழே எழுதப்பட்டிருக்கும் குறிப்பைக் காட்டிலும் இதை நம்பலாம்.

வீதியில் மக்கள் நடமாட்டம் இல்லாத தனிப்பாதைகளில் மேல்கம்பிக்குப் பதிலாக, ஓடும் தண்டவாளங்களோடு மூன்றாவதாக ஒரு மின்தண்டவாளத்தைப் பதித்து, அதன்மேல் வழுக்கிச் செல்லும் இரும்புக் கட்டை மூலம் மின்சாரம் எடுத்தார்கள். சென்னையில் 1895ஆம் ஆண்டில் தொடங்கிய ட்ராம் சேவையோ முதலில் வீதிக்கு அடியில் ஒரு பள்ளக் குழாய் அமைத்து, அதற்குள் மின்கடத்தியை ஒளித்து வைத்திருந்தது. மழைநீர் புகும் குழியில் மின்சாரத்தைக் காப்பது எளிதன்று. அங்கும் பின்னர் மேல்கம்பி முறையே வந்தது. அந்தச் சேவை 1953ஆம் ஆண்டில் நின்றது.

இனி வண்டியைப் பார்ப்போம். பழைய ட்ராம் வண்டியின் முன்புறத்தில் ஓட்டுநர் நின்றுகொண்டேதான் ஓட்டுவார். அவருடைய இடக்கைப் பக்கம், இடுப்புயரத்தில், ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி இருக்கும்; அதன் தலையில் ஒரு பித்தளைக் கைப்பிடி. வலக்கைப் பக்கம் தடையை இறுக்கும் பிடி. பித்தளைக் கைப்பிடியைத் திருப்பும்போது அது ஒவ்வொரு படியாகச் சொடுக்கிச் சொடுக்கி நகரும். பெட்டிக்குள் நிற்கும் உருளையில் பதித்த செப்புத் தகடுகள் அந்தந்தப் படியில் வெவ்வேறு இணைப்புகளை ஏற்படுத்தி, மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டும். இறுதி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்புவதில்லை. இரு முனைகளிலும் இதே பெட்டி இருந்ததால், ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். நடத்துநர் கூரைக்கோலில் கட்டிய கயிற்றைப் பிடித்து அதை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கம்பியில் மாட்டுவார். நூதனசாலைகளில் நிற்கும் வண்டிகளில் அந்தப் பித்தளைப் பிடிகள் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளப்பதைக் காணலாம். எனக்கு ஒரு ட்ராம் வண்டியில் மிகவும் பிடித்த பாகம் அதுவே.

அந்தப் பெட்டி செய்த முக்கிய வேலையை மலையக வாசகருக்கு நம் ஆற்றைக் கொண்டே விளக்கிவிடலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீர் முதலில் நோட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தில் விழுந்து சுழலிகளை இயக்குகிறது. அதே நீர் அங்கே மீண்டும் தேக்கப்பட்டு, பழைய லக்சபான நிலையத்துக்கு இறங்கி இன்னொரு தடவை வேலை செய்கிறது. மொத்த உயரத்தை இரண்டு நிலையங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. ட்ராம் புறப்படும்போது அதன் இரண்டு மோட்டார்களும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படும். ஏறத்தாழ 500 முதல் 600 வோல்ட் வரையான அழுத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் பாதியே கிடைக்கும். வண்டி குலுங்காமல் மெல்ல நகரும். வேகம் பிடித்த பிறகு, ஓட்டுநர் கைப்பிடியை மேலும் திருப்பும்போது, இரண்டு மோட்டார்களும் தனித்தனியாக முழு அழுத்தத்தையும் பெறும் வகையில் இணைப்பு மாறும். இன்று மலையகப் பாதையில் ஓடும் எம்-6 வகை டீசல் இயந்திரங்களுக்கு அடியிலும் மின்மோட்டார்களே சில்லுகளைச் சுழற்றுகின்றன. அவற்றுக்கான மின்சாரத்தை வெளியிலிருந்து பெறாமல், டீசல் எஞ்சினைக் கொண்டு இயந்திரத்துக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கின்றன என்பதுதான் வேறுபாடு. கோச்சியில், அதாவது ரயிலில், போகிறவர்கள் தங்களை அறியாமலேயே ட்ராம் வண்டியின் உறவினர் ஒருவரோடு பயணம் செய்கிறார்கள்.

கொழும்பு ட்ராம் சேவையைத் தொடங்கியது பூஸ்டெட் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனம். ட்ராமும் நகரின் மின்விநியோகமும் ஒரே நிறுவனத்தின் கையில் வளர்ந்தமை அக்காலத்தில் பல நகரங்களில் காணப்பட்ட வழக்கமாகும். பகலில் வண்டிகளுக்கும் மாலையில் விளக்குகளுக்கும் மின்சாரம் விற்றால் மின்பிறப்பாக்கி சும்மா நிற்க வேண்டியதில்லை. 1944ஆம் ஆண்டில் கொழும்பு மாநகர சபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. இடையில் 1929ஆம் ஆண்டில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும், அதனையொட்டி மருதானையில் நடந்த கலவரமும் துப்பாக்கிச்சூடும் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் நிலைத்துவிட்டன. முன்பு குணசிங்கவுடன் இணைந்து பணியாற்றிய கோ. நடேசய்யர், அவரிடமிருந்து பிரிந்த பின்னர் ஹட்டனை மையமாகக் கொண்டு 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார் என்பதை மலையக வாசகர்கள் அறிவார்கள். ஒரு பாதையின் எச்சம் இரும்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வேலைநிறுத்தம் பற்றிய அறிக்கைகளும், பயணச் சீட்டுகளும், மாநகர சபைக் கணக்குகளும் கூட எச்சங்களே. வண்டி எங்கே நின்றது, யார் ஏறினார், நடத்துநருக்கு என்ன சம்பளம் என்பதைத் தண்டவாளம் ஒருபோதும் சொல்லாது.

மூன்று உறுப்புகளில் மிக விரைவாக மறைவது வண்டியே. பாதையை மூடும் நிறுவனம் பெரும்பாலும் கடனில் இருக்கும். மோட்டாரிலுள்ள செம்புக்கும் அடிச்சட்டத்திலுள்ள உருக்குக்கும் உடனே விலை கிடைக்கும். மரத்தால் ஆன உடலுக்கு விலை இல்லை என்பதால் அதைக் கொளுத்திவிடுவார்கள், அல்லது மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். பிரித்தானியாவில் இப்படிக் கொடுக்கப்பட்ட ட்ராம் உடல்கள் வயல்வெளிகளில் கோழிக்கூடாகவும் தோட்டக் கொட்டிலாகவும் பல பத்தாண்டுகள் கிடந்து, பிறகு ஆர்வலர்களால் மீட்கப்பட்டன. அங்கே டெர்பிஷயரிலுள்ள கிரிச் என்னும் ஊரில் 1959ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவந்த ட்ராம் நூதனசாலையில் அவ்வாறு மீட்கப்பட்டவையும் உள்ளன. ஆகவே மீட்டெடுத்த வண்டி ஒன்றைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, உடலும் அடிச்சட்டமும் ஒரே வண்டிக்கு உரியவையா என்பது. உடல் ஓர் ஊரிலும், சில்லும் மோட்டாரும் வேறொரு நாட்டிலும் இருந்து வந்து சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். அதில் குற்றம் எதுவும் இல்லை. எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

எச்சங்களைப் படிக்கப் பழகுவதற்கு நான் பரிந்துரைக்கும் பாதை இங்கிலாந்தின் லிவர்பூல் மேம்பாதை ரயில். 1893ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அது, துறைமுகத்தை ஒட்டி ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்கு இரும்புத் தூண்களின் மீது ஓடியது. உலகில் மின்சாரத்தால் இயங்கிய முதலாவது மேம்பாதை ரயில் அதுவே. அதன் வண்டிகளைத் தனி இயந்திரம் ஒன்று இழுக்கவில்லை. பயணிகள் அமரும் பெட்டிகளிலேயே மோட்டார்கள் பொருத்தப்பட்டிருந்தன, அதனால் இரு முனைகளிலிருந்தும் ஓட்ட முடிந்தது. பாதையின் தளம் நீர் ஒழுகாத இரும்புத் தகடுகளால் மூடப்பட்டிருந்தமையால், மழைநாளில் கப்பல்துறைத் தொழிலாளர்கள் அதன் அடியில் நனையாமல் நடந்தார்கள். அதற்குத் தொழிலாளர்களின் குடை என்றே அவர்கள் பெயர் வைத்தார்கள்.

அந்தக் குடையே பாதையின் முடிவுக்கும் காரணமானது. அதன் கீழே துறைமுகச் சரக்கு ரயில்களை இழுத்துச் சென்ற நீராவி இயந்திரங்களின் புகை, மேலே இருந்த தகடுகளை ஆண்டுக்கணக்காக அரித்தது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் சேதத்தைத் திருத்தி, பழைய மரப்பெட்டிகள் சிலவற்றுக்குப் புதிய உடலும் இழுகதவும் அமைத்துச் சேவை தொடர்ந்தபோதிலும், தளம் முழுவதையும் மாற்றுவதற்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய இருபது இலட்சம் பவுண் தொகையை நிறுவனத்தால் திரட்ட முடியவில்லை. பயணிகள் குறையாத நிலையிலேயே 1956ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதி கடைசி ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே இடிக்கும் வேலை தொடங்கியது. மின்சார ரயிலை நீராவி ரயிலின் புகை கொன்றது என்பது எத்தனை முறை நினைத்தாலும் மனத்தை வருத்துகிறது.

இடித்த பிறகு எவை எஞ்சின? தூண்களும் தளமும் பழைய இரும்பாகப் போயின. ஆனால் துறைமுக மதிலோடு சேர்த்துக் கட்டப்பட்ட சில தூண்களின் அடிப்பாகங்களை வெட்டினால் மதில் பலவீனப்படும் என்பதால், அவை வொப்பிங் துறையின் மதிலுக்குள் அப்படியே நிற்கின்றன. பாதையின் தெற்கு முனையில் செங்குத்தான பாறை முகத்தில் குடையப்பட்ட சுரங்க வாயிலும், உள்ளே டிங்கிள் நிலையம் இருந்த குகை போன்ற கூடமும் இன்றும் உள்ளன. குன்றுக்கு அடியில் இருந்ததை இடிக்க வேண்டிய தேவை எழவில்லை. பெட்டிகளில் மூன்றாம் இலக்கப் பெட்டி ஒன்று லிவர்பூல் நூதனசாலையில், பழைய மேம்பாதையின் மாதிரித் துண்டு ஒன்றின் மீது உயர்த்தி வைக்கப்பட்டுள்ளது. கவனித்துப் பாருங்கள்: விற்றுக் காசாக்க முடிந்தது போயிற்று, அகற்றினால் வேறொன்று பாழாகும் என்ற நிலையில் இருந்தது நின்றது. கொழும்பிலானாலும் வேறு எந்த நகரத்திலானாலும் தேடத் தொடங்குபவர் இந்த விதியோடு தொடங்கலாம். மேல்கம்பியைத் தாங்குவதற்காகக் கட்டிடங்களின் சுவரில் பதித்த இரும்புக் கொக்கிகள், பிறகு தெருவிளக்குத் தூணாக மாறிய கம்பித் தூண்கள், மின்சாரத்தை மாற்றிக் கொடுத்த செங்கல் கட்டிடங்கள், தார் ஊற்றி மூடப்பட்ட பள்ளத் தண்டவாளங்கள் முதலியன இவ்வகையில் தப்பிப்பிழைப்பவை.

இதே விதியை மலையகத்திலும் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு வாய்ப்பளிப்பது நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குச் சென்ற உடபுசல்லாவைக் கிளைப்பாதை. அது 762 மில்லிமீற்றர் அகலமுள்ள குறும்பாதை. பிரதான பாதையின் அகலம் 1,676 மில்லிமீற்றர். 1903ஆம் ஆண்டில் நுவரெலியாவையும் 1904ஆம் ஆண்டில் ராகலையையும் எட்டிய அந்தப் பாதை, தேயிலைப் பெட்டிகளையும் பயணிகளையும் ஏற்றிச் சென்று, லொறிகளின் போட்டியைத் தாங்க இயலாமல் 1940களில் மூடப்பட்டது. அது நீராவிப் பாதை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நுவரெலியாவுக்கு மின்சாரம் வழங்க பிளாக்பூல் நீர்மின் நிலையம் 1912ஆம் ஆண்டிலேயே அருகில் அமைந்துவிட்ட போதிலும், ரயில் கரியும் நீரும் கொண்டுதான் ஏறியது. எனவே கொக்கியையும் கம்பித்தூணையும் அங்கே தேடுவதில் பயனில்லை. தேட வேண்டியது வழியை மட்டுமே. தோட்டத்து நடைபாதை குறுக்கே செங்குத்தாக ஏறும். வண்டிப்பாதை கொண்டையூசி வளைவுகளாக மடியும். ரயில்பாதையோ மலைச்சரிவை ஒரே சீராகத் தழுவிக்கொண்டு, மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், மெதுவான ஏற்றத்தில் போகும். கொழுந்து மலையின் நடுவே அப்படி ஒரு தட்டையான விளிம்பு நீண்டு போவதைக் கண்டால், அதன் இரு முனைகளும் எங்கே சேருகின்றன என்று பார்க்க வேண்டும்.

மின்சாரத்தின் பங்கு மலையகத்தில் வேறு விதமாக எஞ்சியிருக்கிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் முன்வைத்த நீர்மின் யோசனையின் பயனாக, 1950ஆம் ஆண்டில் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கி, 66 கிலோவோல்ட் கம்பிகள் வழியாகக் கொழும்புக்கு மின்சாரம் அனுப்பியது. கொழும்பில் ட்ராம் வண்டிகளின் கடைசிப் பத்து ஆண்டுகளும் ட்ரொலி பஸ்களின் காலம் முழுவதும், தலைநகரின் மின்வலையமைப்பில் நோட்டன் பக்கத்து நீரின் ஆற்றலும் கலந்திருந்த காலமாகும். வண்டியும் கம்பியும் போன பிறகும் அந்த மின்நிலையம் வேலை செய்கிறது. எச்சம் என்ற பட்டியலில் அதையும் சேர்ப்பது எனக்குச் சரியென்றே படுகிறது.

கடைசியாக, கையில் ஒரு தண்டவாளத் துண்டு கிடைத்தால் அதை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் மிக எளிதாகக் கிடைப்பது அதுவே. மதகுக்கு மேல் போட்ட உத்தரமாகவும், வேலிக்காலாகவும், கூரையைத் தாங்கும் தூணாகவும் பழைய தண்டவாளங்கள் எங்கும் நிற்கின்றன. முதலில் தலைப்பகுதியைப் பாருங்கள். மேற்புறம் வழவழப்பாக உருண்டிருந்தால் அது சாதாரண ரயில்பாதைத் துண்டு. தலையின் ஒரு பக்கத்தில் நீளவாட்டில் பள்ளம் ஓடி, அதற்கு அப்பால் ஓர் உதடு நிமிர்ந்திருந்தால், வீதித் தளத்தோடு சமமாகப் பதிக்கப்பட்ட ட்ராம் தண்டவாளம். சில்லின் விளிம்பு போவதற்குத்தான் அந்தப் பள்ளம். அடுத்ததாக முனைக்கு வாருங்கள். இரண்டு தண்டவாளங்களைப் பட்டியால் பொருத்தும் பெரிய ஆணித்துளைகளைத் தவிர, இன்னொரு சிறிய துளையும் அதில் செம்பின் பச்சைக் கறையும் இருந்தால், மின்னோட்டம் தடையின்றித் திரும்புவதற்காகத் தண்டவாளங்களைத் தடித்த செப்புக்கம்பியால் பிணைத்திருந்தார்கள் என்று கொள்ளலாம். சைகை விளக்குகளுக்காகவும் தண்டவாளங்களைக் கம்பியால் இணைப்பதுண்டு. ஆனால் அது மெல்லிய கம்பி, துளையும் சிறியது.

பிறகு நடுத்தண்டின் பக்கவாட்டைத் தேங்காய்நார் கொண்டு மெதுவாகத் தேய்த்துத் துரு நீக்குங்கள். இரும்புத் தூரிகை வேண்டாம், எழுத்துகள் சிதையும். உருக்காலையில் உருட்டும்போதே புடைப்பாக விழுந்த எழுத்துகள் அங்கே தெரியக்கூடும்: செய்த ஆலையின் பெயர், ஆண்டு, சில வேளைகளில் வாங்கிய ரயில்வேயின் சுருக்கெழுத்து. வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால், கண்ணுக்குப் புலப்படாத எழுத்தும் நிழலால் துலங்கும். அந்த ஆண்டு தண்டவாளத்தை உருட்டிய ஆண்டே தவிர, பாதை போட்ட ஆண்டு அன்று. பிரதான பாதையில் தேய்ந்தவற்றை எடுத்துக் கிளைப்பாதையிலும் நிலையத்து ஓரப்பாதையிலும் மீண்டும் போடுவது ரயில்வேயில் வழக்கம் என்பதால், ஒரு துண்டின் வயதை வைத்து அது கிடந்த இடத்தின் வயதைச் சொல்லிவிடக் கூடாது. துண்டை இருந்த இடத்திலிருந்து பெயர்க்காமல், தலையின் அகலம், மொத்த உயரம், அடித்தட்டின் அகலம் ஆகிய மூன்றையும் அளந்து, கிடக்கும் இடத்தோடு சேர்த்து எழுதி வைத்தால், பின்னர் வேறொருவர் வேறோரிடத்தில் கண்டெடுக்கும் துண்டோடு அதனை ஒப்பிட முடியும்.